படைப்பெழுத்து முதுகலைக்கு அமெரிக்கா செல்ல நினைக்கும் ராமநாதபுரக் கடலோர மாணவர்களுக்கு

கீழக்கரை, ராமேசுவரம், ராமநாதபுரம், திருவாடானை எனக் கடலை ஒட்டிய ஊர்களில் இலக்கியம் படித்து முடிக்கும் மாணவர்கள் சிலர், கதையும் கவிதையும் எழுதுவதையே மேற்படிப்பாகப் படிக்க வழியுண்டா என்று ஆசிரியர்களிடம் கேட்கிறார்கள். வழியுண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) என்னும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் பட்டம். நல்ல துறைகள் பலவும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருகின்றன. ஆனால் மீனவக் குடும்பத்திலிருந்தோ, தலித் குடியிருப்பிலிருந்தோ, இசுலாமியக் குடும்பத்திலிருந்தோ முதல் தலைமுறையாகப் படித்து வரும் ஒருவர், அந்த வகுப்பறையில் தன்னைப் போன்றோருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே ஆராய்ந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதை எப்படி ஆராய்வது, விண்ணப்பத்தை அதற்கேற்ப எப்படி அமைப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பல நிற முகங்கள் சேர்ந்து சிரிக்கும் இணையதளப் புகைப்படத்தைக் கொண்டு எந்தத் துறையையும் மதிப்பிட வேண்டாம். யார் நிரந்தரமாகப் பாடம் நடத்துகிறார்கள், யாருக்குப் பணம் கிடைக்கிறது, வகுப்பில் யார் வாய் திறக்கலாம் என்ற மூன்றையும் கொண்டு மதிப்பிடுங்கள்.

வகுப்பறை எப்படி உருவானது

இந்தப் படிப்புக்கு வடிவம் கொடுத்தது அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கிய எழுத்துப் பட்டறை. மாணவர் ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் முன்கூட்டியே படித்து வந்து, வட்டமாக அமர்ந்து விவாதிப்பார்கள். விவாதம் முடியும்வரை எழுதியவர் பேசக் கூடாது. பின்னர் நாடெங்கும் தொடங்கிய துறைகள் பெரும்பாலும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டன. வகுப்பில் உள்ள அனைவரும் ஏறத்தாழ ஒரே வகையான வாழ்க்கையிலிருந்து வந்தவர்களாக இருக்கும்போது இம்முறை ஓரளவு நன்றாகவே நடக்கும். பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் வேறு வாழ்க்கையிலிருந்து வந்தவராக இருந்தால், மற்ற பதினொருவர் அவருடைய ஊரையும் உணவையும் வழிபாட்டையும் தவறாகப் புரிந்துகொண்டு பேசுவதை அவர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் மெக்சிகோ வழி வந்தவர்களும் இந்த வகுப்புகளுக்குள் நெடுங்காலமாகவே நுழைந்திருக்கிறார்கள். கறுப்பினக் கவிஞர் மார்கரெட் வாக்கர் 1940-களின் தொடக்கத்திலேயே அயோவாவில் முதுகலை முடித்தார். பின்னாளில் அமெரிக்க அரசவைக் கவிஞரான ரீட்டா டவ் 1977-ல் அங்கே பட்டம் பெற்றார். முஸ்கோகி பழங்குடியைச் சேர்ந்த ஜாய் ஹார்ஜோவும், சிகாகோவின் மெக்சிகோ வழிக் குடும்பத்தில் பிறந்த சாண்ட்ரா சிஸ்னெரோசும் 1978-ல் பெற்றார்கள். வீடு என்னும் படிமத்தைப் பற்றி வகுப்பில் விவாதம் நடந்தபோது, மற்றவர்கள் பேசிய வீட்டுக்கும் தான் வளர்ந்த வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று உணர்ந்ததைச் சிஸ்னெரோஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1984-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் வேர் அந்த உணர்விலேயே இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த எழுத்தாளர் ஜூனோ டியாஸ், அங்கே இனம் பற்றிய பேச்சையே வகுப்பு தவிர்த்ததை 2014-ல் வெளிப்படையாக எழுதியபோது, அவரைப் போன்று படித்துவிட்டு மௌனமாக இருந்தவர்கள் பலர் தங்கள் அனுபவத்தைப் பேசத் தொடங்கினார்கள். நுழைவது வேறு, நுழைந்தபின் கேட்கப்படுவது வேறு என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

பல்கலைக்கழகங்கள் மாறட்டும் என்று காத்திராமல் சிலர் தாங்களே பட்டறைகளை அமைத்துக்கொண்டார்கள். கறுப்பினக் கவிஞர்களுக்கான கேவ் கேனம் 1996-லும், வெள்ளையரல்லாத எழுத்தாளர் அனைவருக்குமான வோனா 1999-லும், ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களுக்கான குண்டிமான் 2004-லும் தொடங்கின. இவற்றின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துறையின் ஆசிரியர்களோ முன்னாள் மாணவர்களோ இவற்றோடு தொடர்புடையவர்களாக இருந்தால், அந்தத் துறையைப் பற்றி அது நல்ல செய்தி.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

நம் ஊரில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: அமெரிக்காவிலும் நம்மைப் போல இடஒதுக்கீடு உண்டு என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட இசுலாமியருக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என 69 விழுக்காடு சட்டப்படி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலோ இனவாரியாக இடங்களை ஒதுக்குவது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கருதலாம் என்ற அனுமதி மட்டும் எஞ்சியிருந்தது. ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் தொடர்பான வழக்குகளில் 2023 ஜூன் 29-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதையும் முடித்துவைத்தது. ஆகவே சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைப்பதால் பயன் எதுவும் இல்லை. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ஒரு வாயிலைத் திறந்தே விட்டிருக்கிறார்: இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதினால், அது அவருடைய குணத்தோடும் திறனோடும் இணைந்திருக்கும் அளவில் பல்கலைக்கழகம் அதைக் கருத்தில் கொள்ளலாம். ஏன் இந்தப் படிப்பை நாடுகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதித் தரும் நோக்க அறிக்கை இதனாலேயே முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசுக்குத் தரும் கணக்கில் வெளிநாட்டு மாணவர்கள் இனவாரியாக எண்ணப்படுவதில்லை. அவர்கள் தனிப் பிரிவாக வைக்கப்படுகிறார்கள். அட்டவணையில் ஆசியர் என்ற வரிசையில் உள்ள எண்ணிக்கை பெரும்பாலும் அங்கேயே வளர்ந்த ஆசிய அமெரிக்கர்களைக் குறிக்கும். பாம்பனிலிருந்து செல்லும் நீங்கள் அந்த வரிசையில் வர மாட்டீர்கள். இரண்டு வரிசைகளையும் தனித்தனியே பாருங்கள். பல்கலைக்கழகம் முழுமைக்குமான எண்ணிக்கையும் இங்கே உதவாது, எம்.எஃப்.ஏ. துறை ஆண்டுக்குப் பத்துப் பேரையோ இருபது பேரையோதான் எடுக்கும் என்பதால், அந்தச் சிறிய அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி.

துறையை ஆராயும் முறை

ஆசிரியர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன பதவி என்று பாருங்கள். வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் அனைவரும் 'வருகைதரு' ஆசிரியர்களாகவும், நிரந்தரப் பதவியில் இருப்போர் அனைவரும் வெள்ளையராகவும் இருந்தால், நீங்கள் சேரும் ஆண்டில் உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் அங்கே இல்லாமல் போகலாம். மாணவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் பாடத்திட்டத்தை வகுப்பவர்களும் நிரந்தர ஆசிரியர்களே. அயோவாப் பட்டறையின் இயக்குநராக 2006-ல் லான் சமந்தா சாங் பொறுப்பேற்றபோது, அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆசிய அமெரிக்கரும் அவரே. பட்டறை தொடங்கி 70 ஆண்டுகள் ஆன பிறகே இது நடந்தது.

அடுத்தது பணம். என் பார்வையில் பன்மையைப் பற்றிய உண்மையான சோதனை இதுதான். ஒரு துறை எல்லா மாணவர்க்கும் ஒரே அளவு உதவித்தொகை தருகிறதா, சிலருக்கு மட்டும் தருகிறதா என்று கேளுங்கள். சிலருக்கு மட்டும் தரும் துறையில் குடும்பப் பணம் உள்ளவர்களே தாக்குப்பிடிப்பார்கள். அந்த அறை எப்படிப்பட்ட அறையாக இருக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹெலன் ஜெல் திட்டம், டெக்சாசின் மிச்செனர் மையம், கார்னெல், பிரவுன் போன்றவை சேரும் அனைவருக்கும் முழு உதவி தருபவை என்று அறியப்பட்டவை. எத்தனை மாதங்களுக்குப் பணம் வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனெனில் ஒன்பது மாதம் மட்டும் தரும் இடங்களில் கோடைக்காலத்தை எப்படிக் கடப்பது என்பது பெரிய கேள்வி. மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் பணி பெரும்பாலும் அந்த 20 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். மருத்துவக் காப்பீடு உதவித்தொகைக்குள் அடங்குமா என்பதைக் கேட்காமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

இவையெல்லாம் இணையதளத்தில் பாதிதான் இருக்கும். மீதியைத் தற்போது படிக்கும் மாணவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு எழுதுவதா என்று தயங்க வேண்டாம், அங்கே அது வழக்கமான செயல். உங்களை இரண்டு வரியில் அறிமுகப்படுத்திக்கொண்டு, பதில் எழுத எளிதான கேள்விகளாகக் கேளுங்கள். சென்ற பருவத்தில் வகுப்பில் யாருடைய நூல்களைப் படித்தீர்கள்? உங்கள் கதை விவாதிக்கப்படும்போது நீங்கள் பேச முடியுமா? படிப்பை முடிக்காமல் விலகியவர்கள் உண்டா, அவர்கள் யார்? வகுப்பில் யாரேனும் புண்படுத்தும்படி பேசினால் ஆசிரியர் என்ன செய்வார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், வேறொரு மாணவரிடமும் கேட்டுப் பாருங்கள். பேச விரும்பாதவர்கள் பதிலே அனுப்ப மாட்டார்கள். ஒரு துறையிலிருந்து ஒருவர்கூடப் பதில் அனுப்பவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாதி அங்கேயும் இருக்கிறது

அமெரிக்கர் ஒருவரின் கண்ணுக்கு இந்திய மாணவர் அனைவரும் ஒரே நிறம். நமக்கு அப்படி இல்லை என்பதை நாம் அறிவோம். வகுப்பில் உள்ள இன்னொரு இந்தியர் பெருநகர ஆங்கிலப் பள்ளியில் படித்த உயர்சாதிக் குடும்பத்தவராக இருக்கலாம். இந்திய வாழ்க்கை என்றால் என்ன என்று அவர் சொல்வதே வகுப்புக்கு வேதமாகிவிடும் ஆபத்து உண்டு. உங்கள் கதையில் வரும் ஊர்க்கிணற்றையோ தனிக் குவளையையோ 'இப்போதெல்லாம் அப்படி இல்லை' என்று அவர் தள்ளிவிட்டால், மற்றவர்கள் அவரையே நம்புவார்கள். எனவே பல்கலைக்கழகத்தின் பாகுபாடு தடுப்பு விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் அச்சொல்லைச் சேர்த்தது. 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் கலிபோர்னிய மாநில மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். விதி இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் புகார் எழுத நேரும்போது, சாதி என்றால் என்ன என்பதை அலுவலருக்கு முதலிலிருந்து விளக்கும் சுமை குறையும்.

எழுத்து மாதிரியும் நோக்க அறிக்கையும்

தேர்வுக் குழு முதலில் படிப்பது எழுத்து மாதிரியைத்தான். உரைநடை என்றால் 20 முதல் 30 பக்கம், கவிதை என்றால் 10 பக்கம் அளவில் கேட்பார்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகே.

நம் மாணவர்கள் இங்கே ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். வெளியூர்க்காரர் படிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், கதையின் முதல் பக்கமே ஊர் அறிமுகமாகிவிடுகிறது. "தமிழ்நாட்டின் தென்கிழக்கில், மன்னார் வளைகுடாவில், பெண்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடற்பாசி எடுத்து வாழ்கிறார்கள்" என்று தொடங்கும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இது செய்திக் கட்டுரையின் தொடக்கம். அதே கதையை இப்படித் தொடங்கலாம்: "விரல்களில் சுற்றிய துணி ஊறிக் கழன்றுகொண்டிருந்தது. வனத்துறைப் படகு தீவுக்கு அந்தப் பக்கம் நிற்பதாக மதினி கை காட்டினாள். இடுப்பில் கட்டிய பாசிப் பையை இழுத்துக்கொண்டு நீந்துவதா, அவிழ்த்து விடுவதா என்று முத்துமாரி ஒரு கணம் பார்த்தாள்." தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதும், அங்கே பாசி எடுக்கத் தடை இருப்பதும், அந்தப் பையில்தான் அன்றைய கூலி இருக்கிறது என்பதும் கதை போகப் போகத் தெரிந்துவிடும். படிப்பவர் அமெரிக்கராக இருந்தாலும், எழுத்தாளர் தன் உலகத்தை உள்ளிருந்து பார்ப்பதையே விரும்புவார். 'மதினி' போன்ற சொற்களை ஆங்கிலக் கதையிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சாய்வெழுத்தும் அடைப்புக்குறி விளக்கமும் வேண்டாம்.

தமிழில் மட்டுமே நன்றாக எழுதுபவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அயோவாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே தனி எம்.எஃப்.ஏ. இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திறம்பட மொழிபெயர்க்கும் கீழக்கரை மாணவி ஒருவருக்கு, கதை எழுதும் துறையைவிட அது பொருத்தமாக இருக்கக்கூடும்.

நோக்க அறிக்கையில் வறுமையைப் பட்டியலிட வேண்டாம். இரக்கத்தைக் கேட்கும் அறிக்கை விரைவில் மறந்துபோகும். வாழ்க்கை உங்களை எந்த வகையான எழுத்தாளர் ஆக்கியது என்பதைச் சொல்லுங்கள். அப்பா இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் சிறையிலிருந்தார் என்பது செய்தி. அந்த மாதங்களில் வீட்டுப் பெண்கள் தகவலை எப்படிக் காதோடு காதாகக் கடத்தினார்கள், அதனால் உங்கள் கதைகளில் உரையாடல் ஏன் பாதியில் நிற்கிறது என்பது எழுத்தாளரின் அறிக்கை. உச்ச நீதிமன்றம் அனுமதித்திருப்பதும் அத்தகைய எழுத்தையே.

போகும் முன் இங்கேயே பழகுவது

பட்டறையில் முதன்முறையாக அமர்வது வெளிநாட்டில்தான் என்று இருக்கக் கூடாது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் இங்கேயே நடத்தலாம். அந்த ஐந்தாறு பேரும் ஒரே தெருக்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பையன், கீழக்கரைக் கல்லூரி மாணவி, முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர், மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்த ஈழத்துப் பெண் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் படிப்பது நம் மாவட்டத்தில் தானாக நடப்பதில்லை. யாருடைய வீட்டிலும் கூட வேண்டாம், எல்லா வீட்டு வாசலும் எல்லார்க்கும் ஒரே மாதிரித் திறப்பதில்லை. பொது நூலகம் நல்ல இடம். வெள்ளிக்கிழமைத் தொழுகை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, படகு கடலுக்குப் போகும் நாள் ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

விவாதிக்கும் முறைக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த நான்கு படிகளைப் பரிந்துரைக்கிறேன். முதலில் படித்தவர்கள் தங்கள் மனத்தில் பதிந்தவற்றைச் சொல்கிறார்கள். பிறகு எழுதியவர் தன் ஐயங்களைக் கேட்கிறார். மூன்றாவதாகப் படித்தவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. இறுதியில், எழுதியவர் அனுமதித்தால் மட்டும், கருத்தைச் சொல்கிறார்கள். மூன்றாவது படிதான் கடினமானது. 'இந்த அம்மா ஏன் இவ்வளவு கொடுமைக்காரியாக இருக்கிறாள்?' என்பதில் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'அம்மா கதவைத் திறக்காத இடத்தில் நாங்கள் என்ன உணர வேண்டும் என்று நினைத்தீர்கள்?' என்பதில் இல்லை. இப்படிக் கேட்கப் பழகியவர் அமெரிக்க வகுப்பில் பிறர் கதைக்கும் நல்ல வாசகராக இருப்பார், தன் கதை பேசப்படும்போது எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும் அறிவார்.

கடிதம், பணம், நாள்

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று வேண்டும். 'நன்னடத்தை உடையவர், ஒழுங்காக வருகை தந்தார்' என்ற கடிதத்தால் பயனில்லை. ஆசிரியர்களிடம் உங்கள் கதையைக் கொடுத்து, அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதும்படி பணிவோடு கேளுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை ஏற்காத பல்கலைக்கழகங்கள் சில உண்டு, முதுகலையும் முடித்தவர்களுக்கு அந்தத் தடை பெரும்பாலும் இருக்காது. ஜி.ஆர்.இ. என்னும் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பெரும்பாலான எம்.எஃப்.ஏ. துறைகள் கேட்பதில்லை; டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி துறைக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம், கேட்பதில் குறைவில்லை. சென்னையில் உள்ள, அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் வழிகாட்டுதலை இலவசமாகத் தருகிறது. இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

சாதிச் சான்றிதழ் பயன்படும் இடம் நம் நாட்டு உதவித்தொகைகளே. ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் உண்டு. எம்.எஃப்.ஏ. படிப்புக்குப் பொருந்துமா என்று விதிகளை வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒன்றிய அரசின் திட்டத்தில் 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய படிப்புகளும் ஆய்வுகளும் விலக்கப்பட்டுள்ளன. தன் சமூகத்தைப் பற்றி எழுத விரும்பும் தலித் மாணவருக்கே இது முதலில் இடிக்கும் என்பதால், இந்த விலக்கை நான் அநீதி என்றே கருதுகிறேன். முகாமில் பிறந்து இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள், விண்ணப்பத்துக்கு முன்பே பயண ஆவணம் பற்றி வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் முடியும். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவுடன் சில துறைகள் உடனே பதில் சொல்லும்படி நெருக்கலாம். அமெரிக்கப் பட்டமேற்படிப்பு நிறுவனங்களின் பொது உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை உங்களுக்கு அவகாசம் தந்தாக வேண்டும். நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் அதே நாள் என்பதால் மறக்காது. அதுவரை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடாமல், மற்ற துறைகளின் முடிவுக்குக் காத்திருங்கள். காத்திருக்கும் நாள்களில் உதவித்தொகைக் கடிதத்தின் தொகை, மாதங்கள், காப்பீடு, பணி நேரம் ஆகிய நான்கையும் ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து சரிபாருங்கள், விடுபட்டிருப்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.